கலைக்கூடமும் அண்ணன் போட்ட நிபந்தனையும்

ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பேசிக்கு ஓய்வு இல்லை. புதிதாக வேலைக்கு வந்த ஊராட்சி செயலர்கள் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு வரி, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு. போன மாதம் பொத்தேரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் செயலர் கூப்பிட்டு, "சார், எங்க ஊர்லயும் பசங்க கலை மையம் வேணும்னு கேக்குறாங்க. உங்க ஊராட்சியில எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்றார்.

"நான் கொண்டு வரலம்மா. தீர்மானம் எழுதுனேன், அவ்ளோதான்" என்றேன்.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை. கேட்டு வாங்கியவர்கள் வேறு. ஆனால் அந்த ஒரு தீர்மானத்தை எழுதியதைப் போல என் வேலைக் காலத்தில் வேறு எதுவும் என்னைப் படுத்தவில்லை. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம், கடற்கரைச் சாலைக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. நான் காலனிக்காரன். பத்தாவது முடித்துவிட்டு ஊராட்சியில் எழுத்தராகச் சேர்ந்தேன். டேங்க் ஆபரேட்டர் வராத நாளில் மோட்டார் போடுவதிலிருந்து, தலைவர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போய் வாசலில் நிற்பது வரை எல்லாம் அந்த வேலைக்குள் அடக்கம். பிறகு செயலர் ஆனேன். எத்தனையோ தலைவர்கள் மாறினார்கள், அதே நாற்காலியில் நான் இருந்தேன். ஊரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் நான் 'செகரட்டரி'.

கூடத்தைக் கேட்டு வந்தவள் அமுதா. எங்கள் தெருப்பெண். படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சூப்பர்வைசர். வீட்டில் என்னைச் 'சித்தப்பா' என்பாள், ஆபீசுக்கு வந்தால் 'சார்'. அவளும் அவளோடு வேலைக்குப் போகிற சில பெண்களும் சென்னையில் எங்கேயோ பறை பழகி வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்று அடிப்பார்கள். மழை வந்தால் போச்சு. யாராவது புகார் சொன்னால் போலீஸ் வந்து கலைத்துவிடும்.

ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு நீளமான கட்டடம் சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் பெண்களுக்குக் கயிறு திரிக்கப் பயிற்சி கொடுப்பதற்காகக் கட்டியது. அந்தத் திட்டம் நின்றுபோய், கூரை ஓட்டையாகி, உள்ளே ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கலை மையமாக்கித் தரச் சொல்லி அமுதா மனு கொடுத்தாள். நான் மேலே அனுப்பினேன். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே பதில்.

"சார், மனு குடு மனு குடுன்றீங்க. குடுத்தாச்சி. இன்னா ஆச்சி?" என்று என் மேசைக்கு எதிரே நின்று கேட்டாள்.

"கிராம சபையில கேளு. மேல எழுதறது வேற, ஊரே ஒக்காந்து தீர்மானம் போடறது வேற."

"ஊரு எங்க வருது? கிராம சபைக்குப் பத்துப் பேரு வர்றான். அதுல பாதிப் பேரு டீ குடிக்க."

"அப்போ ஊர வர வெய்யி."

எரிச்சலில் சொன்ன வார்த்தை அது. அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் அதிகாரி எங்களுக்கு பி.டி.ஓ.வாக வந்தார். வட்டார வளர்ச்சி அலுவலர் என்று முழுதாகச் சொல்ல வேண்டும், ஊரில் பி.டி.ஓ. அம்மாதான். மதுரைப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மனு வந்தால் முதலில் மனுதாரர் பெயர் இருக்கிற இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு படிப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பேரப் பாத்தா எனக்கு ஊரு, தெரு எல்லாம் ஞாபகம் வந்துருது. அப்பறம் மனுவப் படிக்க மாட்டேங்கிறேன்" என்றார். 'ஆவன செய்யப்படும்' என்ற சொல்லை அவர் கண்டாலே அடித்துவிடுவார். "யாரு செய்யப் போறா? என்னைக்கு? அத எழுதுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க. முடியாதுன்னு சொன்னா அவங்க வேற வழி பாப்பாங்கல்ல." அவரிடம் வேலை பார்த்த காலத்தில் கோப்பு எழுதும் கை எனக்குத் திருந்தியது என்று சொல்லலாம்.

அமுதா வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். கையெழுத்து வாங்கவில்லை. "அன்னிக்கு வந்து ஒக்காருங்க, அது போதும்" என்று மட்டும் கேட்டாள். வேலை முடிந்து பஸ் இறங்கியதும் நேராக ஒரு தெரு. அடுத்த நாள் அடுத்த தெரு. புதிதாக வந்த மனைப்பிரிவையும் விடவில்லை. அங்கே வசந்தா டீச்சர் இருந்தார். அவர் கணவர் அணுசக்தித் துறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் ஊரில் வீடு கட்டியிருந்தார்கள். டீச்சர் கார் நிறுத்துகிற ஷெட்டில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அமுதா போனபோது டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஹால்ல தரை எப்படி இருக்கு?" என்பது.

"ஆட்டுப் புழுக்கையா கீதுமா. கழுவிடலாம்."

"சமமா இருக்கான்னு கேட்டேன். ஷெட்ல ஆடி ஆடிக் குழந்தைகளுக்கு முட்டி வலிக்கறது."

மறுநாள் இருவரும் போய் ஆடுகளுக்கு நடுவில் நின்று தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து டீச்சரும் அமுதாவோடு தெருத் தெருவாக வந்தார். ஊர் இதைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தது.

இதற்குள் வேறொன்று நடந்தது. ஒரு ரிசார்ட்காரர் அதே கட்டடத்தைச் சாமான்கள் போட்டு வைக்கக் குத்தகைக்குக் கேட்டார். தலைவருக்கு அதில் விருப்பம். ஊராட்சிக்கு வருமானம் வருகிறதே, அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆக, அடுத்த கிராம சபையில் விவாதிக்க இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று குத்தகை, இன்னொன்று கலைக்கூடம். இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

அன்றைக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் போட்ட நாற்காலி போதவில்லை. கடைசியில் பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். சபையை மேற்பார்க்கிற பற்றாளராக பி.டி.ஓ. அம்மா தானே வந்திருந்தார். அமுதா பேசினாள், டீச்சர் பேசினார். சிற்பப் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் எழுந்து, கூடம் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லித் தருவதாகச் சொன்னார். கை தட்டினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நல்லபடியாக முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது என் அண்ணன் மோசஸ் எழுந்தார்.

அண்ணன் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கிராம சபைக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"கூடத்துல மோளம் அடிக்கக் கூடாது" என்றார்.

அமுதா திரும்பிப் பார்த்தாள். "இன்னா பெரீப்பா?"

"எங்க நைனா இந்த ஊர்ல எல்லா சாவுக்கும் அடிச்சவரு. வெயிலு, மழ, ஒடம்புக்கு முடியல, ஒன்னும் சொல்ல முடியாது. கூப்டா போவணும். ஒருநாளு மாட்டேன்னுட்டாரு. மோளத்த ஏரில தூக்கிப் போட்டாரு. அந்த வருசம் எங்க வூட்ல யாருக்கும் நடவு வேல குடுக்கல. நான் பட்டினி கெடந்தவன், எனக்குத் தெரியும். ஏரில போனத நீங்க தோண்டி எடுத்தாந்து கூடத்துல வெக்கிறீங்களா?"

என் பேனா நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டுக் கதை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அண்ணன் வாயால் அதுவரை கேட்டதில்லை. ஊருக்கு நடுவில், நான் அரசாங்க வேலையாக உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்.

அமுதா மெதுவாகத்தான் பேசினாள். "பெரீப்பா, தாத்தாவ அடிக்க வெச்சாங்க. நாங்க ஆசப்பட்டு அடிக்கிறோம். ரெண்டும் ஒன்னா?"

"உனக்கு ரெண்டு. கேக்குற எனக்கு ஒன்னுதான்."

தலைவருக்கு இது வசதியாகப் போயிற்று. "அவங்க தெருவுலயே ஒத்துக்கல. பேசி முடிவு பண்ணிகினு வரட்டும். கலைக்கூடத்த அப்பால பாத்துக்கலாம். இப்போ குத்தகைப் பொருள எடுத்துக்கலாம்" என்றார்.

பி.டி.ஓ. அம்மா தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அப்பறம் பாக்கலாம்னு தீர்மானத்துல எழுத முடியாது. ஒரு பொருள் பாதியில நிக்கிது." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க கூடம் வேணாம்ங்கிறீங்களா, பறை வேணாம்ங்கிறீங்களா?"

"கூடம் வேணாம்னு சொல்லலமா. பசங்க ஆடட்டும், பொம்ம செய்யட்டும்."

"பறைல எது வேணாம்? அந்தச் சத்தமா?"

அவசரப்படுத்தாமல் அந்த அம்மா காத்திருந்தார்.

"கூப்டுவாங்கமா" என்றார் அண்ணன். "இப்போ அடிக்கிறவங்க எங்க கீறாங்கனு யாருக்கும் தெரியாது. கூடம்னு ஒன்னு வந்துச்சினா எடம் தெரிஞ்சிடும். அப்போ தெருவுல வந்து நின்னு கூப்டாங்க. இனிமே கூடத்துல வந்து நின்னு கூப்டுவாங்க. இதுங்க சின்னப் பொண்ணுங்க. மாட்டேன்னு சொன்னா இன்னா ஆவும்னு இதுங்களுக்குத் தெரியாது."

"கூப்பிடக் கூடாதுன்னு இந்தச் சபை தீர்மானம் போட்டா?"

"போடுவாங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்."

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு வாக்கியத்தை எழுத அவ்வளவு நேரம் ஆனதில்லை. நான் முதலில் எழுதியது, 'இக்கூடத்தில் பயில்வோர் சாவு நிகழ்ச்சிகளுக்கு இசைக்கச் செல்லக் கூடாது' என்று. வாசித்ததும் அமுதா எழுந்துவிட்டாள்.

"நாங்க எங்க போவணும், போவக் கூடாதுன்னு நீங்க எழுதுவீங்களா சார்? எங்கம்மா செத்தா நான் அடிப்பேன். யாரு கேக்குறது?"

அவள் சொன்னது சரி. பி.டி.ஓ. அம்மா என் தாளை வாங்கி 'செல்லக் கூடாது' என்பதை அடித்தார். "கட்டுப்பாடு போறவங்களுக்கு இல்ல, கூப்பிடறவங்களுக்கு. அத மாத்துங்க" என்றார். மாற்றினேன். அடுத்ததாகத் தலைவர், "சாவுன்ற வார்த்த தீர்மானத்துல வரணுமா? தனியார் நிகழ்ச்சிகள்னு போடலாமே, பாக்க நல்லா இருக்கும்" என்றார். அண்ணன் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "கல்யாணத்துக்குக் கூப்டா நல்லாத்தான் போவட்டும். சாவுன்னே எழுது."

என்னைப் பார்த்து 'எழுது' என்றார். அந்த இடத்தில் நான் செகரட்டரி இல்லை, தம்பி. எழுதினேன். 'இக்கூடத்தில் பயில்வோரை எவர் வீட்டுச் சாவுக்கும் இசைக்க வரும்படி எவரும் இங்கு வந்து அழைக்கக் கூடாது. அவ்வாறு அழைப்போருக்கு ஊராட்சி எவ்வகையிலும் துணை நிற்கக் கூடாது.'

வாசித்துக் காட்டிவிட்டு, கை தூக்கச் சொன்னார்கள். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் முதலில் தூக்கினார்கள். அப்புறம் நாற்காலிகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கூடத்துக்கான தீர்மானம் நிறைவேறியது. குத்தகைக்கு வேலை இல்லாமல் போனது. அண்ணன் கை தூக்கினாரா என்று நான் பார்ப்பதற்குள் அவர் கிளம்பிப் போயிருந்தார்.

கூரை மாற்றி, தரை போட்டு, மின் இணைப்பு வாங்கி, கூடம் திறக்கிற வரைக்கும் நடந்த அலைச்சலை எல்லாம் செயலர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் படுகிறதுதான். வெள்ளிக்கிழமை மாலை பறை, சனிக்கிழமை நாட்டியம், ஞாயிறு களிமண் என்று வைத்துக்கொண்டார்கள். தேங்காய் நாரின் வாடை மட்டும் ரொம்ப நாள் சுவரை விட்டுப் போகவில்லை.

அந்த வாக்கியத்துக்குச் சோதனை வந்தது அதற்குப் பிறகு. பெரிய தெருவில் நடேசன் என்பவருடைய அப்பா இறந்துபோனார். நடேசன் செல்வாக்கான மனிதர், கெட்டவர் இல்லை. சுனாமி வந்த வருடம் எங்கள் தெருவுக்கு வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர். அன்று வெள்ளிக்கிழமை. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது அவரே காரில் கூடத்துக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் போன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

சட்டை கூட மாற்றாமல் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செகரட்டரி, அப்பா பூட்டாரு. பழைய காலம் மாதிரி கூப்புடல. மரியாதையா வந்து கேக்குறேன். வேன் வெக்கிறேன், எல்லாரையும் பத்திரமா கொண்டாந்து வுட்டுடறேன். அப்பாவுக்கு இதுங்க அடிக்கிறது ரொம்பப் புடிக்கும். வாசல்ல ஒக்காந்து கேட்டுகினே இருப்பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கெட்ட வார்த்தை பேசி அதட்டியிருந்தால் பதில் சொல்வது எனக்குச் சுலபம். கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவரிடம் தீர்மானத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆனாலும் பேசினேன். "அண்ணே, நீங்களும் அன்னிக்குச் சபையில இருந்தீங்க. கைய தூக்குனீங்க" என்றேன்.

"அது அதட்டிக் கூப்டுறவனுக்குப் போட்டது. நான் அன்பா கேக்குறேன்."

"எழுதும்போது அப்படிப் பிரிச்சி எழுதலண்ணே."

நடேசன் என்னை விட்டுவிட்டு அமுதாவைப் பார்த்தார். அவள் பறையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள். மற்றப் பெண்கள் பின்னால் நின்றார்கள்.

"அண்ணா, உங்களுக்காகச் சரின்னு இன்னிக்கு வந்துடலாம்" என்றாள். "நாளிக்கு இன்னொருத்தர் வருவாரு, அவருகிட்ட மாட்டேன்னு சொல்லணும். நடேசன் வூட்டுக்கு மட்டும் போனியேன்னு கேப்பாரு. அப்போ நான் இன்னா சொல்றது? நீங்களே சொல்லுங்க."

நடேசன் சுவரோரம் சாய்ந்திருந்த பறையைப் பார்த்தார்.

"மால வாங்கிகினு நாங்க எல்லாரும் வர்றோம். ஐயாவப் பாத்துட்டுப் போறோம். மோளம் மட்டும் வராது."

"வேற ஊர்ல ஆளு கெடைக்காதுன்னு நெனச்சிகினியா?" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

பெண்கள் சொன்னபடியே போனார்கள். டீச்சரும் போனார், நானும் போனேன். பந்தலில் கொஞ்ச நேரம் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நடேசனின் மனைவி வந்து, "வாங்கம்மா" என்று பெண்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் வாசலில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அமுதா அவர்களையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஊராட்சிக் கட்டடத்தில் ஊர்க்காரனை அவமானப்படுத்தினார்கள் என்று புகார் போனது. எழுதியது நடேசன் இல்லை, அவரைச் சுற்றி இருந்தவர்கள். கூடத்தைப் பூட்டி விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பி.டி.ஓ. அம்மா நேரில் வந்தார். கூடத்தைப் பூட்டவில்லை. உள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வழக்கம் போலப் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு புகாரைப் படித்தார். புகார் கொடுத்தவர்களையும் வரச் சொல்லியிருந்தார். தீர்மானத்தை என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கூப்பிடக் கூடாதுன்னு ஊர் போட்டிருக்கு. கூப்பிட்டிருக்காங்க. வரலன்னு சொல்லியிருக்காங்க. மால வாங்கிட்டுப் போயிருக்காங்க. இதுல அவமானம் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டுங்க" என்றார்.

வந்தவர்களில் ஒருவர், "அதுக்கில்லம்மா, ஒரு வழக்கம்னு கீது" என்று ஆரம்பித்தார்.

"அந்த வழக்கத்த நிறுத்தத்தான் இத எழுதியிருக்காங்க" என்றார் பி.டி.ஓ. அம்மா. புகார் தள்ளுபடி என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச காலத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான். போகிற நாளில் என்னிடம், "உங்க அண்ணன் எதிர்த்துப் பேசலன்னா இந்தக் கூடத்த அந்த வெள்ளிக்கிழமையோட மூடியிருப்பாங்க" என்றார். எனக்கு அதுவரைக்கும் அது அப்படித் தோன்றியிருக்கவில்லை.

நடேசன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். பழையபடி இல்லை, ஆனால் பேசுகிறார். அவர் பேத்தி சனிக்கிழமை நாட்டியத்துக்கு வருகிறாள்.

அண்ணன் மட்டும் இன்றுவரை கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர் வீடு கூடத்துக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு தெருதான். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நான் கேட்டேன். "எல்லாம் நீ சொன்ன மாதிரிதானே நடக்குது. ஒருவாட்டி உள்ள வந்துதான் பாரேன்."

"வேணாம்டா."

"ஏன்?"

"மோளத்துக்குச் சூடு காட்டறதுக்கு வைக்கோலு கொளுத்துவாங்க. நான்தான் நைனாவுக்குக் கொளுத்தித் தருவேன். இப்பவும் அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அந்தப் பொக வருது. உனக்கு வராது. நீ சின்னக் கொழந்த." பிறகு அவரே சொன்னார், "அதுங்க நல்லாத்தான் அடிக்குதுங்க. அடிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடத்தில் வட்டமாக நிற்பார்கள். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குச்சிகளைக் கையில் எடுத்து, எல்லோரும் அமுதாவையே பார்ப்பார்கள். அமுதா கதவு வழியாக எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன் எழுந்து வந்து சன்னலின் ஒரு கதவைச் சாத்துவார், பிறகு மற்றதை. கொக்கி விழுந்த பிறகுதான் அவள் முதல் அடி அடிப்பாள்.